வேரைத் தேடாத வைத்தியம்: கிழக்கு மாகாணச் சுகாதார நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

கிழக்கு மாகாண சுகாதார அமைச்சின் செயலாளர், மாகாண சுகாதார சேவைகள் பணிப்பாளர், திருகோணமலைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் ஆகியோருக்கு வணக்கம்.

நான் குடும்ப நல உத்தியோகத்தராக 29 ஆண்டுகள் வேலை செய்து ஓய்வுபெற்றவள். மூதூர், ஈச்சிலம்பற்று, கிண்ணியா, தம்பலகாமம் என்று இந்த மாவட்டத்தின் பல பகுதிகளில் வீடு வீடாகச் சென்றிருக்கிறேன். தமிழூர்களில் என்னை 'மிட்வைஃப் அம்மா' என்றார்கள், முஸ்லிம் ஊர்களில் 'மிஸ்' என்றார்கள், சிங்களக் குடியேற்றங்களில் 'நோனா' என்றார்கள். மூன்று முற்றங்களிலும் எனக்குத் தேநீர் கிடைத்தது. மூன்று முற்றங்களிலும் கைக்குழந்தைகளைத் தூக்கி நிறை பார்த்திருக்கிறேன். அந்த உரிமையில்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

அண்மையில் ஒரு கலந்துரையாடலுக்குப் போயிருந்தேன். எடை குறைந்த பிள்ளைகளைப் பற்றிப் பேச்சு வந்தபோது, நல்ல மனம் படைத்த ஓர் இளம் உத்தியோகத்தர், "அந்தப் பக்கத்து ஆக்களின்ர உடம்புவாகு அப்படித்தான்" என்றார். அறையில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. 20 ஆண்டுகளுக்கு முன்னர் இதே வசனத்தை இன்னொரு அறையில் கேட்டிருக்கிறேன்; அன்று நானும் மறுத்துப் பேசவில்லை. ஓர் இனத்துக்கு ஒரு நோய் கூடுதலாக வருவதைக் காணும்போதெல்லாம் அதன் காரணத்தை அந்த இனத்தின் இரத்தத்திலோ பழக்கத்திலோ கண்டுபிடித்துவிட்டு, அதற்கப்பால் தேடாமல் கோப்பை மூடிவிடும் வழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. அந்த வழக்கத்தை மாற்றும்படி கேட்கத்தான் எழுதுகிறேன்.

ஈச்சிலம்பற்றுப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பாலர் பாடசாலைக் கட்டடத்தில் மாதம் ஒருமுறை கிளினிக் நடத்தினோம். வளையில் தொங்கு தராசைக் கட்டி, துணிக் காற்சட்டைக்குள் பிள்ளையை இருத்தி, அது கத்தி அடங்கி முள் ஓரிடத்தில் நிற்கும்வரை காத்திருந்து, நிறையைப் பிள்ளையின் பதிவேட்டிலுள்ள வளர்ச்சி வரைபடத்தில் புள்ளியிடுவோம்; பச்சைப் பட்டி சரியான நிறை, செம்மஞ்சள் குறைந்த நிறை. அந்த ஊரில் பல குடும்பங்கள் தங்களை வேடர் வழி வந்தவர்கள் என்று சொல்பவர்கள், தமிழ் பேசுபவர்கள், களப்பையும் காட்டையும் நம்பிச் சீவிப்பவர்கள். பச்சைப் பட்டியில் தொடங்கிய பிள்ளைகளின் கோடு, ஆறாம் ஏழாம் மாதத்துக்குப் பின் செம்மஞ்சளுக்குச் சரிந்துகொண்டே போனது. ஒரு தாயிடம் வழக்கமான ஆலோசனையைச் சொன்னேன்: முட்டை கொடுங்கள், மீன் கொடுங்கள், கீரையில் ஒரு துளி எண்ணெய் விட்டுப் பிசைந்து கொடுங்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "அம்மா, முட்டை விக்கிறதுக்குத்தானே கோழி வளர்க்கிறம்."

அரசு இலவசமாகக் கொடுக்கும் சத்துமாவான திரிபோஷா மாதம் இரண்டு பைக்கற்றுகள் அவளுடைய பிள்ளைக்கு எழுதப்பட்டிருந்தன. ஒரு பைக்கற்று 750 கிராம். வீட்டில் ஐந்து பேர். இரண்டு பைக்கற்றும் பிள்ளையின் வயிற்றுக்கு மட்டும் போயிருக்கும் என்று நம்புவதற்கு, பசித்த மூத்த பிள்ளை முன்னால் இருக்க இளைய பிள்ளைக்கு மட்டும் ஊட்டிய அனுபவம் நமக்கு இருக்கவேண்டும். அன்று மாலை மாதாந்த அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் நான் எழுதியது: "தாய்க்குப் போசாக்கு அறிவு போதாது." அந்தத் தாய்க்கு அறிவு இருந்தது. இல்லாமற் போனது முட்டை. அந்த ஒரு வரிக்காக நான் இன்றும் மனம் வருந்துகிறேன், ஏனென்றால் அந்த வரியை நம்பித்தான் அடுத்த மாதம் அந்த ஊருக்கு உணவுக்குப் பதிலாக இன்னொரு போசாக்கு விளக்கக் கூட்டம் அனுப்பப்பட்டது.

உடம்புவாகு என்ற பேச்சுக்கு அதே குடும்பத்திலேயே விடை இருந்தது. அந்தத் தாயின் தங்கை உப்புவெளிப் பக்கம் திருமணம் முடித்துப் போனவள். கணவனுக்கு மாதச் சம்பளம், வீட்டில் குழாய்த் தண்ணீர், நடந்து போகும் தூரத்தில் சந்தை. அவளுடைய இரண்டு பிள்ளைகளின் கோடும் பச்சையில் நிமிர்ந்து நின்றன. ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகள். மாறியது அவர்கள் குடியிருந்த இடமும் தகப்பனின் கூலியும்தான்.

இது நம் மாவட்டத்துக்கு மட்டும் உரிய கேள்வியன்று. உலகத்தில் இதை மிக நீண்ட காலமாகக் கேட்டு, மிகத் துல்லியமாக எண்ணி வைத்திருக்கும் நாடு அமெரிக்கா. கறுப்பின மக்கள் கூடுதலாக இறப்பது அவர்களுடைய பிறவிக் குறை என்று அங்கே கற்றவர்கள் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், 1899 இல், டு போய்ஸ் என்ற கறுப்பின அறிஞர் பிலடெல்பியா நகரின் ஒரு வட்டாரத்தில் வீடு வீடாகச் சென்று விசாரித்து, அந்த மரணங்களுக்குக் காரணம் நெருக்கடியான குடியிருப்பும் கூலியும் சமூகம் அவர்களை நடத்தும் விதமுமே என்று காட்டினார். அதற்குப் பின்னும் 86 ஆண்டுகள் கழித்து, 1985 இல், அந்நாட்டுச் சுகாதாரச் செயலாளர் மார்கரெட் ஹெக்லர் அமைத்த குழு, வெள்ளையினத்தவரின் இறப்பு வீதமே கறுப்பினத்தவருக்கும் இருந்திருந்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 மரணங்கள் நேர்ந்திருக்கமாட்டா என்று கணக்கிட்டது. 2021 இல் அங்கே 100,000 உயிர்ப்பிறப்புகளுக்கு வெள்ளையினத் தாய்மார் 26.6 பேர் இறந்தபோது கறுப்பினத் தாய்மார் 69.9 பேர் இறந்தார்கள்.

வறுமைதானே காரணம் என்று இதைக் கடந்து போகவும் முடியாது. பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்ணுக்குப் பேறுகால மரண ஆபத்து, பாடசாலைக் கல்வியை முடிக்காத வெள்ளையினப் பெண்ணுக்கு இருப்பதைவிடக் கூடுதலாக இருப்பதை அங்குள்ள அரச தரவுகளே காட்டியிருக்கின்றன. அவமதிப்பையும் அச்சத்தையும் நாள்தோறும் தாங்கும் உடல், வயதுக்கு முந்தித் தேய்கிறது என்று ஆர்லீன் ஜெரோனிமஸ் என்ற ஆய்வாளர் 1992 இல் எழுதினார். காற்றிலும் உப்பிலும் கிடக்கும் வள்ளத்தின் பலகை உக்கிப்போவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தக் கருத்து விளங்காமற் போகாது. சோதனைச் சாவடிகளும் இடப்பெயர்வுகளும் நிறைந்த 26 ஆண்டுப் போரைக் கடந்த பெண்களின் இரத்த அழுத்தத்தை அளந்தவள் என்ற முறையில், அந்தத் தேய்மானத்தை நான் கையால் தொட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் அங்கிருந்து கற்கவேண்டியிருக்கிறது: இன வேறுபாடு மருத்துவக் கருவிக்குள்ளேயே புகுந்துவிடக்கூடும். விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கும் சிறிய கருவி, கருமையான தோல் உள்ளவர்களில் ஒட்சிசன் குறைந்திருப்பதைத் தவறவிடும் வாய்ப்பு வெள்ளையர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு என்று 2020 டிசம்பரில் அமெரிக்க மருத்துவர்கள் அறிவித்தார்கள். கொவிட் காலத்தில் நாமும் அதே கருவியைத்தான் நம் மக்களின் விரல்களில் மாட்டினோம். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று இரத்தத்திலுள்ள கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளை வைத்துக் கணிக்கும் சூத்திரத்தில், கறுப்பினத்தவர் என்றால் விடையைக் கூட்டிக் காட்டும் ஒரு பெருக்கி நெடுங்காலம் இருந்தது; அதனால் சிறுநீரகம் பழுதடைந்த கறுப்பின நோயாளிகள் ஆரோக்கியமானவர்களாகத் தாளில் தெரிந்தார்கள், மாற்றுச் சிறுநீரகப் பட்டியலில் பிந்தினார்கள். 2021 இல் அந்தப் பெருக்கி நீக்கப்பட்டது. 2023 இல், அவ்வாறு இழந்த காத்திருப்புக் காலத்தை அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கும்படி உத்தரவும் வந்தது. பிழையைக் கண்டுபிடித்தால், பாதிக்கப்பட்டவருக்கு அதை ஈடுசெய்யவும் ஒரு நிர்வாகத்தால் முடியும் என்பதற்காகவே இதை இங்கே குறிப்பிடுகிறேன்.

பிறவியிலேயே கடத்தப்படும் நோய்கள் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. தலசீமியா உண்டு, அரிவாள் உரு இரத்தச்சோகை உண்டு. ஆனால் அவையும் பரம்பரை பரம்பரையாக மலேரியா இருந்த நிலங்களைப் பின்பற்றி வந்தவை. நாம் அடையாள அட்டைக்காகவும் தேர்தலுக்காகவும் போட்டுக்கொள்ளும் இனக் கோடுகளை அவை மதிப்பதில்லை.

இனி நம் மாவட்டத்துக்கு வருகிறேன். 2012 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 3 இலட்சத்து 80 ஆயிரம் மக்கள். முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் என்ற மூன்று சமூகங்களில் எதுவும் பாதியைத் தொடவில்லை. 11 பிரதேச செயலகப் பிரிவுகள். இந்தப் பிரிவுகளின் நோய்ப் படத்தை இனப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தால் பொருந்துவதுபோலத் தோன்றும். நிலம், தண்ணீர், வீதி, இடப்பெயர்வு ஆகியவற்றின் படத்தை வைத்தால்தான் உண்மையில் பொருந்தும்.

பதவி சிறிபுரவையும் கோமரங்கடவலவையும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சிங்கள விவசாயக் குடும்பங்களைச் சிறுநீரக நோய் தின்றுகொண்டிருக்கிறது. 1990களில் வடமத்திய மாகாணத்தில் கண்டறியப்பட்ட, காரணம் இன்னும் உறுதியாகாத அந்த நோயைப் பற்றி யாராவது "சிங்களவரின் உடம்புவாகு" என்று சொன்னார்களா? சொல்லவில்லை, சொல்லக்கூடாது. தண்ணீரைச் சோதித்தார்கள், விவசாய இரசாயனங்களைச் சந்தேகித்தார்கள், வெயிலில் வேலை செய்யும் நேரத்தைக் கேட்டார்கள், சுத்திகரித்த குடிநீர் நிலையங்களைக் கொண்டுவந்தார்கள். அதுவே சரியான வழி. அதே மரியாதையை ஈச்சிலம்பற்று இருக்கும் வெருகல் பிரிவின் மெலிந்த பிள்ளைக்கும் கிண்ணியாவின் டெங்கு நோயாளிக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

2017 இல் நாடு முழுவதும் 186,101 டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள். அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் கிண்ணியா கடுமையாக அடிபட்டது. அப்போது பலர் வாயில் வந்தது "அவங்களுக்குச் சுத்தமில்லை" என்ற ஒரே பேச்சு. டெங்கு நுளம்பு முட்டையிடுவது தெளிந்த நீரில். குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று நம்பமுடியாத வீட்டில், தொழுகைக்கு முன் கைகால் கழுவி வுழூச் செய்வதற்கும் சமைப்பதற்கும் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவதற்கும் பரலிலும் தொட்டியிலும் தண்ணீரைப் பிடித்து வைக்கிறவர்கள் சுத்தத்தை விரும்புகிறவர்கள்தான். நெருக்கமான குடியிருப்பும், முறையாக அள்ளப்படாத குப்பையும், நம்பிக்கையில்லாத நீர் விநியோகமும் சேர்ந்த இடத்தில் நுளம்பு பெருகியது. புகை அடித்தோம், அபராதம் விதித்தோம். தண்ணீர் நேரத்துக்கு வருவதற்கு யாரைக் கேட்டோம்?

வீதியும் ஒரு நோய்க் காரணிதான். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை, இரவில் வலி வந்த தாயை ஏற்றிக்கொண்டு 'பாதை'க்காகக் கரையில் நின்ற குடும்பங்கள் எத்தனை என்று என் தலைமுறைக்குத் தெரியும். அந்த மிதக்கும் பலகைக்குப் பாதை என்று பெயர் வைத்திருந்தோம். அது அக்கரையில் நின்றால் நமக்குப் பாதையில்லை. பாலங்கள் வந்த பிறகு எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தோம். 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில், புதிய பாலம் கட்டப்படும் காலத்தில் மாற்றுப் போக்குவரத்தாக ஓடிய படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பல உயிர்கள் போயின. 2006 இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்தவர்களில் பலர் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் 2015 வரை இருந்தார்கள். முகாமில் பிறந்த பிள்ளை ஒன்பது வயதில்தான் தன் ஊர்க் கிணற்றில் தண்ணீர் குடித்தது. அதே 2006 இல் மூதூர் முஸ்லிம் மக்கள் ஆயிரக்கணக்கில் கந்தளாய்க்கு ஓடினார்கள். 1984 இல் தென்னைமரவாடியிலிருந்து விரட்டப்பட்டவர்கள் கால் நூற்றாண்டு கழித்தே திரும்பினார்கள். இத்தகைய ஊர்களில் நோய் கூடுதலாக இருந்தால், அதற்கு ஏன் உடம்புவாகைத் தேடவேண்டும்?

மொழியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நிர்வாகத்தின் கையில் நேரடியாக இருக்கும் காரணம் இதுதான்.

என் பொறுப்பிலிருந்த ஒரு கர்ப்பிணித் தாய், எட்டு மாதம், முதற்பிள்ளை. கிளினிக் நாள் அல்லாத ஒரு நாளில் மாமியாருடன் ஒரு வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போனாள். அன்று கடமையிலிருந்த வைத்தியருக்குத் தமிழ் தெரியாது. அவள் சொன்னதை மாமியார் அடுத்த நாள் எனக்கு அப்படியே திருப்பிச் சொன்னார்: "கண் இருட்டிக்கொண்டு வருது, மண்டை பிளக்குது, நெஞ்சுக்குழிக்குள்ள ஒரு நோவு, ஒரே அந்தரமா இருக்கு." இந்த நான்கையும் ஒரு கர்ப்பிணியின் வாயிலிருந்து கேட்டால் எந்த மருத்துவிச்சியும் அடுத்த மூச்சுக்குள் இரத்த அழுத்தக் கருவியை எடுப்பாள், வலிப்புக்கு முந்தி உடல் தரும் எச்சரிக்கை அது. பக்கத்தில் நின்ற சிற்றூழியர் உதவி செய்யும் நல்லெண்ணத்தில் அந்த நான்கு வசனங்களையும் ஒரே சிங்களச் சொல்லாகச் சுருக்கினார்: "மஹன்சியி." களைப்பாம். வரிசை வெளி விறாந்தை வரை நீண்டிருந்தது. சிறு கடதாசி உறையில் பெனடோலும், அடுத்த கிளினிக்குக்கு வரச்சொல்லி ஒரு துண்டும் கிடைத்தன. அன்றிரவு வீட்டில் வலிப்பு வந்தது. முச்சக்கர வண்டியில் கொண்டுபோய் அவளைக் காப்பாற்றினார்கள். பிள்ளை இல்லை.

அந்தத் துண்டை மாமியார் மடித்து முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். என்னிடம் தந்து, "இதில என்ன எழுதியிருக்கு, மகள்?" என்று கேட்டார். அதுவும் அவருக்குத் தெரியாத மொழியில் இருந்தது.

அந்த வைத்தியர் மீது எனக்குக் கோபமில்லை. அவர் இனவாதியாக நடந்ததாக நான் நினைக்கவும் இல்லை. சொன்னது காதில் விழுந்திருந்தால் அவர் எழுந்து ஓடியிருப்பார். தெற்கிலிருந்து வந்து, வாட்டில் ஒவ்வொரு படுக்கையாக நின்று "எங்க நோகுது அம்மா?" என்று கேட்கப் பழகிய சிங்கள வைத்தியர்களோடு நான் வேலை செய்திருக்கிறேன்; அவர்கள் இடமாற்றம் பெற்றுப் போனபோது ஊரே அழுதது. மறுபுறம், சேருவிலப் பக்கத்துச் சிங்களத் தாயொருத்தி தமிழ் மட்டும் தெரிந்த ஊழியர்களின் நடுவில் தன் வலியைக் கையால் காட்டிக்கொண்டிருந்ததையும் பார்த்திருக்கிறேன். தனிமனிதரின் வெறுப்பு இல்லாமலே ஓர் அமைப்பு ஓர் இனத்தை மற்றதைவிடக் கூடுதலாகக் கொல்லக்கூடும் என்பதை எனக்குக் கற்பித்தது அந்த ஒரு சொல்.

1987 இல் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரச கரும மொழியானது. வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை சொல்கிறது. நோய் நிர்ணய அட்டையும், சத்திரசிகிச்சைச் சம்மதப் படிவமும், மருந்து உறையும் நோயாளி வாசிக்கக்கூடிய மொழியில் இருக்கவேண்டும் என்பது புதிய கோரிக்கையன்று. ஏற்கெனவே உள்ள சட்டத்தைப் படுக்கை வரைக்கும் கொண்டுவரச் சொல்வதுதான்.

நம்பிக்கையும் ஒரு மருந்துதான். அது கெட்டுப்போன காலங்களை மறைத்துப் பேச என்னால் முடியவில்லை. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தின் கொத்துரொட்டியில் மலட்டு மருந்து கலந்திருக்கிறது என்ற புரளியால் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்தபோது அப்படியொரு மருந்தும் இருக்கவில்லை. அப்படிப்பட்ட புரளிக்குப் பின் குடும்பத் திட்டமிடல் அட்டையுடன் ஒரு வீட்டுக்குள் போகும் உத்தியோகத்தரை அந்த வீடு எப்படிப் பார்க்கும் என்று யோசியுங்கள். 2020 இல் உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்யலாம் என்று வழிகாட்டியிருந்தும், கொவிட்டால் இறந்த அனைவரையும் எரிக்கவேண்டும் என்று இங்கே விதி போட்டார்கள். பிறந்து 20 நாளான சிசுவும் எரிக்கப்பட்டது. 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கும்வரை, காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று முஸ்லிம் தாய்மார் என்னைத் தொலைபேசியில் கேட்டிருக்கிறார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. அமெரிக்காவில் டஸ்கீகி என்ற ஊரில் சிபிலிசு நோயுற்ற 399 கறுப்பின ஆண்களை, 1940களிலேயே பென்சிலின் கைக்கு வந்த பின்னும், சிகிச்சை தராமல் 1932 முதல் 1972 வரை கவனித்துக்கொண்டிருந்தார்கள். அரசின் மன்னிப்பு 1997 இல் வந்தது, அவநம்பிக்கையோ அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வரைக்கும் தொடர்கிறது. கொழும்பில் கேட்கப்பட்ட மன்னிப்பு கிண்ணியா, மூதூர் கிளினிக்குகளுக்குள்ளும் வந்து சேரவேண்டும். அதைக் கொண்டுவரக்கூடியவர்கள் நீங்கள்.

இவற்றையெல்லாம் சொல்லும்போது ஒரு கேள்வி எழும்: தரவு எங்கே? பிறப்புப் பதிவிலும் இறப்புப் பதிவிலும் இனம் என்ற நிரல் இருக்கிறது. ஆனால் நாம் வெளியிடும் சுகாதாரப் புள்ளிவிபரம் பெரும்பாலும் மாவட்ட சராசரியோடு நின்றுவிடுகிறது. சராசரி எதை மறைக்கும் என்பதற்கு மலையகம் சாட்சி. 2016 குடிசன சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் உயரம் குன்றியவர்கள் நாடளாவிய ரீதியில் 17 சதவீதம். தோட்டத்துறையைத் தனியாக எடுத்து எண்ணியபோது 32 சதவீதம். தனியாக எண்ணியிராவிட்டால் அந்தப் பிள்ளைகள் 17க்குள் கரைந்திருப்பார்கள். நம் வெருகலும் குச்சவெளியும் திருகோணமலை என்ற ஓர் எண்ணுக்குள் அப்படித்தான் கரைந்துகிடக்கின்றன.

இனவாரியாக எண்ணுவதில் இந்த நாட்டில் ஆபத்து உண்டென்பதை நான் அறிவேன். எந்த இனத்தில் எத்தனை பிள்ளைகள் பிறக்கின்றன என்ற கணக்கை வைத்தே கலவரம் மூட்ட நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆகவே இனத்தின் பெயரால் பட்டியலிட்டு மேடைக்குக் கொடுக்கவேண்டாம். கிராம அலுவலர் பிரிவு வாரியாக எண்ணுங்கள். நோயாளி வீட்டில் பேசும் மொழியையும், அருகிலுள்ள வைத்தியசாலைக்கு எடுத்த நேரத்தையும், வந்த வாகனத்தையும், குடிநீர் எங்கிருந்து என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வேற்றுமை எங்கே இருக்கிறதோ அங்கே அது தானாகத் தெரியும், அதன் காரணமும் பக்கத்து நிரலிலேயே இருக்கும். தாய் மரணம் ஒவ்வொன்றையும் விசாரிக்கும் நல்ல முறையொன்று நம் நாட்டில் 1980களிலிருந்தே உண்டு. இந்த நாட்டுக்குப் பெருமை தேடித்தந்த முறை அது. வயிற்றிலும் பிரசவத்திலும் இறக்கும் சிசுக்களுக்கான விசாரணையிலும் மேலே சொன்ன நிரல்களைச் சேருங்கள். "மொழிபெயர்த்தவர் யார்?" என்று ஒரு நிரல் இருந்திருந்தால், நான் சொன்ன அந்தத் தாயின் கதை ஓர் அறிக்கையாகியிருக்கும்.

வெளிநோயாளர் பிரிவிலும் பிரசவ வாட்டிலும் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பு உதவியாளர்களை எல்லா நேரமும் கடமையில் வையுங்கள். இரு மொழியும் பேசும் இளைஞர்கள் இந்த மாவட்டத்தில் வேலையில்லாமல் இருக்கிறார்கள். கந்தளாயிலும் கிண்ணியாவிலும் தம்பலகாமத்திலும் சந்தைக்குள் நின்றால் மூன்று மொழியும் கலந்து பேசும் பிள்ளைகளைக் காணலாம். தூரத்து ஊர்க் கர்ப்பிணிகள் பிரசவத் திகதிக்கு ஒரு வாரம் முன்னரே வந்து தங்க, சமையல் வசதியுள்ள ஒரு சிறு விடுதியை வைத்தியசாலையின் அருகே கொடுங்கள். மருந்தும் வைத்தியமும் 1951 முதல் இலவசமானாலும், வெருகலிலிருந்து நகரத்துக்கு வரும் கூலித் தொழிலாளிக்கு ஒரு கிளினிக் நாள் என்பது ஒரு நாள் கூலியும் இரண்டு பேரின் பஸ் காசும். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு 'வெளியில வாங்குங்க' என்று எழுதிக்கொடுக்கும் மருந்துத் துண்டும் அதோடு சேர்ந்துகொண்டது. தூரத்து ஊர்களின் கிளினிக்கை மாதத்துக்கு இருமுறை ஆக்கினாலே அந்தச் செலவில் பாதி குறையும். நீர் வழங்கல் சபையும் வீதி அபிவிருத்தியும் பிரதேச சபையும் உங்களுடைய அதிகாரத்துக்குள் இல்லை என்பது உண்மை. ஆனால் மாவட்டச் செயலகக் கூட்டங்களில் நோயின் பெயரைச் சொல்லித் தண்ணீரைக் கேட்கும் குரல் உங்களுடையதாக இருக்கவேண்டும். வேறு யார் கேட்பார்கள்?

இது முடியாத காரியம் என்று சொல்பவர்களுக்கு மலேரியாவை நினைவூட்டுகிறேன். 1934–35 கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்ற அந்த நோய், 1963 இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கு மட்டுமே என்று இறங்கியது. அத்தோடு தேடுவதைத் தளர்த்தினோம். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது இலட்சக்கணக்கில் திரும்பிவந்தது. இரண்டாம் முறை அப்படி விடவில்லை. போர் நடந்த ஆண்டுகளிலும் கட்டுப்பாட்டுக் கோடுகளைக் கடந்து மருந்தும் நுளம்பு வலையும் போயின. கடைசி ஊரின் கடைசிக் காய்ச்சல்காரரின் இரத்தத் துளி வரைக்கும் கண்ணாடித் தட்டில் எடுத்தோம். 2012 ஒக்டோபருக்குப் பின் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் உள்நாட்டில் தொற்றிய நோயாளி ஒருவரும் இருக்கவில்லை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. அந்த வேலையில் நானும் தட்டு சுமந்தவள். இனம் பார்க்காமல், தூரம் பார்க்காமல், தேடிப் போவது எப்படி என்பது இந்த மாவட்டத்துச் சுகாதார ஊழியர்களுக்குத் தெரியும்.

என்னிடம் ஒரு கொப்பி இருக்கிறது. நோவு, உளைவு, குத்து, விறைப்பு, பதகளிப்பு, அந்தரம் என்று நம் ஊர்களில் தாய்மார் உடம்பைப் பற்றிச் சொல்லும் சொற்களை, எந்த ஊரில் எந்தப் பொருளில் சொல்கிறார்கள் என்ற குறிப்போடு சேவைக்காலம் முழுவதும் எழுதி வந்திருக்கிறேன். அதற்குச் சிங்களத்தில் பொருள் எழுத ஓய்வுபெற்ற ஒரு சிங்கள நண்பி உதவிக்கொண்டிருக்கிறார். புதிதாக வரும் வைத்தியர்களுக்கும் தாதியருக்கும் கடமையேற்கும் வாரத்தில் ஒரு மணித்தியாலம் ஒதுக்கித் தந்தால், நாங்கள் இருவரும் வந்து அந்தச் சொற்களைச் சொல்லிக்கொடுக்கத் தயாராக இருக்கிறோம். கொடுப்பனவு எதுவும் வேண்டாம். முதல் நாள், முதற் சொல்லாக, 'அந்தரம்' என்பதை எழுதுவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடும்ப நல உத்தியோகத்தர் ஒருவர்,
திருகோணமலை.